வீட்டில் பூனை இல்லை என்றவர்

அச்சகத்தில் எல்லோரும் அவரைக் காற்புள்ளி என்றுதான் கூப்பிட்டார்கள். தலையைத் தொங்கவிட்டு, முதுகை வளைத்து, தாளுக்கு ஒரு சாண் உயரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. பிழை திருத்துவது அவர் வேலை. கதைப் புத்தகமெல்லாம் அந்த அச்சகத்துக்கு வராது. ரயில் கால அட்டவணை, தொலைபேசி எண் புத்தகம், தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் முறை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள் என்று உலகத்தில் யாருமே முழுதாகப் படிக்காதவைதான் வரும். அவற்றை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவர்.

மருந்துத் தாளில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பென்சிலின், டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் என்று பெயர்களெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்த மருந்து எந்த நோய்க்கு என்று கேட்டால் விழிப்பார். “மருந்துக்கே வைத்தியம் பாக்கிற ஆளுய்யா அவரு” என்று அச்சகத்தில் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் டப்பாவை எடுத்துக்கொண்டு காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் போய்விடுவார். கர்வமெல்லாம் இல்லை. கூச்சம்.

கல்யாணம் ஆகியிருந்தது. மனைவியோடு சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். ஒரு நாள் அந்த அம்மா அண்ணன் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். போனவர் வரவில்லை. இவர் வந்து கூப்பிடுவார் என்று அவரும், அவராகவே வருவார் என்று இவரும் காத்திருந்ததிலேயே வருஷங்கள் ஓடிப்போயின. பிள்ளை இல்லை. உறவு என்று சொல்லக் கடல் தாண்டி ஒரு தங்கை இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள்.

“அண்ணா, சாப்டியா?”

“சாப்டேன்.”

“உடம்பு?”

“இருக்கு.”

“அங்க மழையா?”

“இல்ல. அங்க?”

“இங்க குளிருதுண்ணா.”

அதோடு விஷயம் தீர்ந்துவிடும். இருவரும் கொஞ்ச நேரம் சும்மா போனைக் காதில் வைத்திருப்பார்கள். பிறகு தங்கைதான், “சரிண்ணா, வெச்சிடட்டுமா?” என்பாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருஷம் கால்கள் வீங்கத் தொடங்கின. செருப்பு சின்னதாகிவிட்டது என்று நினைத்து ஒரு அளவு பெரிதாக வாங்கினார். முகமும் வீங்கியபோதுதான் மருத்துவமனைக்குப் போனார். ரத்த அழுத்தம் சத்தம் போடாமல் இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டிருந்தது. பெரிய டாக்டர் இரண்டு வழி சொன்னார். வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்கு வந்து இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளலாம். இல்லாவிட்டால், வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்திக்கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

“வீட்லயே செய்றதுன்னா கூட ஆள் வேணுமா டாக்டர்?”

“வேணும்னு இல்ல. சுத்தமும் பொறுமையும் இருந்தாப் போதும்.”

அது இரண்டும் இருக்கிறது என்றார்.

டயாலிசிஸ் சிஸ்டர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். நடுத்தர வயது, குரல் மட்டும் பள்ளிக்கூட மணி மாதிரி. தினம் நான்கு தடவை வயிற்றில் இருக்கும் பழைய நீரைக் குழாய் வழியாக ஒரு வெற்றுப் பைக்குள் வடித்துவிட்டு, கம்பியில் தொங்கும் புதுப் பையிலிருந்து நீரை உள்ளே இறக்க வேண்டும். சிறுநீரகம் செய்யாத வேலையை வயிற்றுச் சவ்வு செய்துவிடும். ஜன்னலைச் சாத்தணும், விசிறியை நிறுத்தணும், வாயைக் கட்டிக்கணும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். குழாய்க்குள் ஒரு கிருமி போனால் நேரே வயிற்றுக்குள்தான் போகும்; நடுவே வாயில்காப்போன் யாரும் கிடையாது.

“வடிச்ச பைக்குப் பின்னாடி ஏதாவது அச்சடிச்ச தாளை வச்சுப் பாருங்க. எழுத்து தெரிஞ்சா நல்லது. மங்கலாத் தெரிஞ்சா அப்படியே பையை எடுத்துக்கிட்டு இங்க வந்துடணும். குழாய்ல ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் கிளிப்பைப் போட்டுட்டு வந்துடணும். நாளைக்குப் பாக்கலாம்கிற பேச்சே இல்ல. புரியுதா சார்?”

“எழுத்து பாக்க என்னைவிட ஆள் கிடைக்காது சிஸ்டர்.”

சிஸ்டர் சிரிக்கவில்லை. ஒரு நாள் இவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நான்காவது மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அறையின் மூலையைக் காட்டி, “இங்க செய்யுங்க. இந்த ரூமுக்குள்ள செடி, நாய், பூனை எதுவும் ஆகாது” என்றார். அப்போது அங்கே ஈ கூட இல்லை.

அதற்குப் பிறகு அவருடைய நாள் நான்கு துண்டானது. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் தூரமாக எங்கும் போய்வர முடியாது. போவதற்கும் இடமில்லை. மாதம் ஒரு முறை பைகள் அடங்கிய அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்குகிறவர், “கையெழுத்து சார்” என்பார். தங்கையின் போனை விட்டால், சில வாரங்களில் மனிதக் குரலாக அது மட்டும்தான் அந்த அறையில் கேட்டது. தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, பையில் அச்சிட்டிருப்பதை அவர் சத்தமாகப் படிப்பதுண்டு.

பூனை ஒரு மழை நாளில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே சுவரையொட்டி ஒரு குறுகிய சிமென்ட் விளிம்பு ஓடும். அதில் நனைந்த துணி மாதிரி ஒன்று சுருண்டு கிடந்தது. ஜன்னலைத் திறந்தார். உள்ளே குதித்து, அறையை ஒரு சுற்று சுற்றி, நாற்காலியைப் பார்த்து, அவரைப் பார்த்து, நாற்காலியைத் தேர்ந்தெடுத்தது. மஞ்சள் நிறம். ஒரு காதில் சிறு கிழிசல்.

எத்தனை தடவை பார்த்துத் திருத்தினாலும் அச்சேறிய பிறகு எங்கிருந்தோ ஒரு பிழை வந்து உட்கார்ந்திருக்கும். அது மாதிரி வந்து உட்கார்ந்ததால் அதற்குப் பிழை என்றே பெயர் வைத்தார். “ஏ பிழை, எங்கடா போயிட்ட?” என்று கேட்பார். அது மத்தியானம் வரும், சாயங்காலம் போய்விடும். அதற்காகப் பால் வாங்கினார். மீன் துண்டு வாங்கினார். அச்சகத்தில் நடந்ததையெல்லாம் அதற்குச் சொன்னார். மனைவி கிளம்பிய நாளைப் பற்றிக்கூட ஒரு தடவை சொன்னார். பூனை கொட்டாவி விட்டது. அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. தங்கையிடம் சொன்னால் வாய்தவறிச் சிஸ்டருக்குப் போய்விடுமோ என்று ஒரு பயம். தங்கைக்குச் சிஸ்டர் யாரென்றே தெரியாது. ஆனாலும் பயம். மாதா மாதம் பரிசோதனைக்குப் போகும்போது சட்டையில் ஒட்டியிருக்கும் முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டுத்தான் போவார். நீர் மாற்றும் நேரத்தில் பூனையை வெளியே விட்டு ஜன்னலைச் சாத்திவிடுவார். முதலில் அப்படித்தான் செய்தார். அப்புறம் அது கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்க முடியாமல், கட்டிலுக்கடியில் இருந்தால் தப்பில்லை என்று தனக்குத்தானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டார்.

அந்த மத்தியானம் புதுப் பையிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் அவருக்குக் கண் அசந்துவிட்டது. விழித்தபோது குழாய் லேசாக ஆடியது. குனிந்து பார்த்தார். நாற்காலிக்கு அடியில் பூனை மல்லாந்து படுத்து, நான்கு காலாலும் குழாயைக் கட்டிப்பிடித்து, குட்டி மாதிரி அதைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது. தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம்.

கிளிப்பைப் போட்டார். குழாயை விரலால் தடவினார். ஊசி குத்தியதுபோல இரண்டு இடத்தில் நீர் முத்து கட்டியது. உடனே கிளம்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் போனால், “எப்படி ஓட்டை விழுந்துச்சு?” என்பார் சிஸ்டர். பொய் சொல்ல அவருக்கு வராது. சொன்னால் முகத்தில் அச்சடித்தது மாதிரி தெரிந்துவிடும். பையையும் அதோடு சேர்ந்த குழாயையும் கழற்றிச் சுருட்டிக் குப்பையில் போட்டார். தரையைத் துடைத்தார். பூனை குழாய் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“உன்னால பாரு” என்றார் அதனிடம். திட்டுகிற குரல்கூட வரவில்லை.

மறுநாள் காலை வயிற்றில் கத்தி செருகியதுபோல் வலித்தது. உடம்பு தூக்கிப் போட்டது. வடித்த பை அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. அதன் பின்னால் பழைய ரயில் அட்டவணையைப் பிடித்தார். ஒரு எழுத்தும் தெரியவில்லை. பையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். கதவைப் பூட்டிய பிறகு திரும்பத் திறந்து, ஜன்னலை ஒரு கை அகலம் திறந்து வைத்து, ஒரு தட்டில் பாலும் இன்னொன்றில் மீன் துண்டும் வைத்தார். பால் பாதி தரையில் போனது.

மருத்துவமனையில் பதிவு செய்த பெண் கேட்டாள்: “உங்க கூட யாரு வந்திருக்கா?”

“நான்தாம்மா.”

“இல்ல சார், உங்க கூட.”

“அதான் சொல்றேனே. நான் மட்டும்தான்.”

பையிலிருந்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி என்று தெரிவதற்குள் உயிர் போய்விடக் கூடாதே என்று, வழக்கமாக வரும் கிருமிகளுக்கான இரண்டு மருந்துகளைப் புதுப் பையில் கலந்து வயிற்றுக்குள் விட்டார்கள். இரண்டு நாள் ஆகியும் நீர் தெளியவில்லை. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க மூன்று தலைமுறை வந்துபோனது. அவர்கள் கொண்டுவந்த பழத்தில் இவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவர் அதைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை ஒரு பெண் டாக்டர் வந்து கட்டிலருகே நின்றார். அவரை வார்டில் யாரும் அதிகம் பார்த்ததில்லை. விரல் நுனிகளில் ஊதாச் சாயம் ஏறியிருந்தது.

“நான் கிருமி லேப்ல இருக்கேன். கீழ, அடித்தளத்துல. எனக்கு நோயாளிங்களோட பேசிப் பழக்கமில்ல, தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். பிறகு பட்டென்று, “உங்க வீட்ல பூனை இருக்கா?” என்று கேட்டார்.

இத்தனை மாதமும் ஒரு முடி விடாமல் பொறுக்கிப் போட்டவர் அவர். அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

“இல்லம்மா.”

“நாய்? பக்கத்து வீட்டுப் பூனை ஏதாவது? கடிச்சது, பிராண்டினது?”

“இல்லம்மா. வீட்ல பூனை இல்ல.”

லேப் டாக்டரின் முகம் விழுந்துவிட்டது. “ஓ” என்றார். போகத் திரும்பி, மறுபடி நின்று, யாரிடமோ நியாயம் கேட்பவர்போலச் சொன்னார்:

“உங்க தண்ணில வளந்திருக்கிறது வழக்கமா வர்ற கிருமி இல்ல. சாயம் போட்டா ஊதாவை விட்டுட்டுச் சிவப்பா நிக்கிற ரகம், குட்டையா, ரெண்டு நுனியும் மட்டும் அழுத்தமா இருக்கு. அந்த ரகத்துல குடல்ல இருக்கிற கிருமியெல்லாம் செழிப்பா வளர்றதுக்குன்னு ஒரு தட்டு வச்சிருக்கோம். அதுல இது வளரவே இல்ல. ரத்தம் கலந்த தட்டுலதான் வளந்துது. எலி இருக்கிற அலமாரி மாதிரி ஒரு வாடை. கிருமிக்குப் பேர் சொல்ற எங்க லேப் மெஷின் வேற ஏதோ பேர் சொல்லுது, அதுவும் உறுதியா சொல்லல. எனக்கு பாஸ்டுரெல்லான்னு படுது. பூனை வாய்ல சாதாரணமா இருக்கும். பூனைக்கு ஒண்ணும் பண்ணாது. மனுஷனுக்குக் கடிவாய்ல வரும். வயித்துக்குள்ள வர்றது அபூர்வம். ஆனா பூனையே இல்லன்னா...” கையை விரித்தார். “சரி. நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருப்பேன்.”

அவர் போன பிறகு, கையிலிருந்த பழம் நசுங்கியிருந்ததை இவர் கவனித்தார். பூனை இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்? வீட்டில் செய்துகொள்ள உங்களுக்கு யோக்கியதை இல்லை என்பார்கள். சிஸ்டர் ஆள் அனுப்பி அதைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்வார். அந்த அறை பழையபடி ஆகிவிடும். பழையபடி என்றால் எப்படி என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்கே பெரிய டாக்டர் சுற்றுக்கு வந்தார். கூட டயாலிசிஸ் சிஸ்டர், நாலைந்து இளம் டாக்டர்கள். ஒதுங்கி, சுவரோரமாக லேப் டாக்டர்.

“தண்ணி இன்னும் தெளியல” என்றார் பெரிய டாக்டர். “லேப்ல என்ன சொல்றீங்க?”

“பாஸ்டுரெல்லான்னு நினைக்கிறேன் சார். இப்ப குடுக்கிற ரெண்டு மருந்தையும் இதுக்கு நம்ப முடியாது. தட்டுல வச்ச பென்சிலின் வில்லையைச் சுத்தி கிருமி வளராம நல்லா தெளிஞ்சிருக்கு. இந்தச் சிவப்பு ரகத்துக்கெல்லாம் பென்சிலின் பெரும்பாலும் எடுபடாது. இதுக்கு எடுபடுது. அதனாலதான்...”

“பூனை வச்சிருக்காரா?”

“இல்லைங்கிறார்.”

“அப்ப எப்படிம்மா வரும்? ஆகாசத்துல இருந்தா? மெஷின் சொன்ன பேரையே வச்சுக்கலாம். உங்க தட்டுல வேற ஏதாவது கலந்திருக்கும், திரும்பப் போட்டுப் பாருங்க. ரெண்டு நாள்ல தண்ணி தெளியலன்னா வயித்துக் குழாயை எடுத்துட்டு இவரை டயாலிசிஸ் மெஷினுக்கு மாத்திடலாம்.”

“சரி சார்” என்றார் லேப் டாக்டர். ஊதா விரல்களைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

காற்புள்ளிக்குக் காய்ச்சலிலும் அது பொறுக்கவில்லை. சரியான எழுத்தை ஒருவர் அடித்துவிட்டு மேலே தப்பை எழுதுவதை, வாழ்நாளில் அவரால் பார்த்துக்கொண்டு உட்கார முடிந்ததில்லை. அச்சகத்தில் முதலாளியிடமே அதற்காக வாய் திறந்தவர். வேறெதற்கும் திறந்ததில்லை.

“டாக்டர்” என்றார். யாரும் திரும்பவில்லை. எழுந்து உட்கார்ந்து, “டாக்டர், அந்த அம்மா சொன்னது சரி. அவங்க தப்பு பண்ணல. பூனை இருக்கு” என்றார்.

பக்கத்துக் கட்டில்காரரின் பேத்தி கிளுக்கென்று சிரித்தாள்.

“காலைல இல்லைன்னீங்களாமே?”

“காலைல இல்லைன்னுதான் சொன்னேன்.”

“குழாயைக் கடிச்சுதா?”

“விளையாடுச்சு” என்றார்.

மருந்தை அன்றே மாற்றினார்கள். பென்சிலின் குடும்பத்து மருந்து ஒன்றைப் பையில் கலந்தார்கள். பெரிய டாக்டர் லேப் டாக்டரைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். சிஸ்டர் மட்டும் நகரவில்லை.

“எத்தனை நாளா?” என்றார்.

“மழை ஆரம்பிச்சதில இருந்து.”

“ஒவ்வொரு மாசமும் வந்தீங்க. ஒவ்வொரு தடவையும் கேட்டேன், எல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு. நடக்குதுன்னீங்க.” சிஸ்டரின் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. “பூனை வளர்க்காதீங்கன்னு நான் சொன்னேனா சார்? அந்த ரூம்ல விடாதீங்கன்னுதானே சொன்னேன்?”

“எனக்கு இருக்கறதே ஒரு ரூம்தானே சிஸ்டர்.”

சிஸ்டர் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது. “சமையலறைக்குக் கதவு இருக்கில்ல?” என்றார். “கம்பியை அங்க மாத்திக்குங்க. நீர் மாத்தும்போது கதவைச் சாத்திக்குங்க. பூனை வெளிய இருக்கட்டும். அவ்வளவுதான். சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.”

அவ்வளவுதானா என்று அவருக்கு இருந்தது. அவ்வளவு சின்ன விஷயத்தை அத்தனை மாதம் முதுகில் சுமந்திருக்கிறார்.

புது மருந்து இறங்கிய மறுநாளே வலி குறைந்தது. நீர் மெல்லத் தெளிந்தது. குழாயை எடுக்க வேண்டியிருக்கவில்லை. லேப் டாக்டர் இன்னொரு தடவை வந்தார், வேலை முடிந்து, கைப்பையோடு. போனில் ஒரு படம் காட்டினார். சிவப்புத் தட்டு ஒன்றில் சாம்பல் நிறப் பனி படர்ந்த மாதிரி இருந்தது. அதன் நடுவே சின்ன வெள்ளை வில்லை. வில்லையைச் சுற்றி அகலமாக, ஒன்றுமே முளைக்காத ஒரு வட்டம்.

“இதான் உங்களோடது. நான் இதைப் புத்தகத்துலதான் பாத்திருந்தேன். அந்தச் சுத்தமான வட்டம் இருக்கு பாருங்க, அவ்வளவு தூரத்துக்கு மருந்து அதைக் கிட்டயே விடல.” பிறகு தயங்கி, “பூனைக்குப் பேர் என்ன?” என்றார்.

“பிழை.”

அவர் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. “அத என் ரிப்போர்ட்ல எழுத முடியாதே” என்றார். நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே இருந்தார். அச்சக வேலை பற்றிக் கேட்டார். தன் லேப்பில் தட்டுகள் எத்தனை, வாடையை வைத்தே எதை எதைக் கண்டுபிடிக்கலாம் என்று சொன்னார். பேச்சு தீர்ந்தது. இருவருமே பேச்சைத் தொடரத் தெரியாத ஆட்கள். “வீட்டுக்குப் போகணும்” என்றார் லேப் டாக்டர், ஏதோ அங்கே யாரோ காத்திருப்பதுபோல. வாசல்வரை போய், கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரைக் காற்புள்ளி பார்க்கவில்லை. அடித்தளத்துக்கு நோயாளிகள் போவதில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஜன்னல் அவர் விட்டுப்போன அளவிலேயே திறந்திருந்தது. பால் தட்டில் ஏடு காய்ந்து வெடித்திருந்தது. மீன் இல்லை. அவர் தட்டுகளைக் கழுவினார். சமையலறை மேசையைச் சுவரோரம் தள்ளி, கம்பியை அங்கே நிறுத்தினார். கதவு சரியாகச் சாத்துகிறதா என்று இழுத்துப் பார்த்தார். எல்லாம் தயார். பூனை மட்டும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாரம் போயிற்று. மத்தியான நேரங்களில் நாற்காலியில் உட்காராமல் கட்டிலில் உட்கார்ந்தார். வந்தால் அதற்கு நாற்காலி வேண்டுமே.

ஒரு நாள் மருந்து வாங்கிக்கொண்டு மாடி ஏறும்போது இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண், கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு தையல் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் காலடியில், துணித் துண்டுகளின் மேல், மஞ்சள் நிறத்தில் பிழை படுத்திருந்தது. கொழுத்திருந்தது.

காற்புள்ளி நின்றதைப் பார்த்துத் தையல்காரம்மா, “யாரு வேணும்?” என்றார்.

“இல்ல... இந்தப் பூனை...”

“மகாராணியா? என்னோடதுதான். உங்களை ஏதாவது தொந்தரவு பண்ணாளா?”

“மகாராணியா?” என்றார் அவர். இத்தனை நாளும் அவர் அதை வாடா போடா என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.

“குட்டியா இருக்கும்போதே எடுத்துட்டு வந்தேன். கொஞ்ச நாளா மத்தியானமானா எங்கயோ கிளம்பிடுவா. எவன் சோறு போட்டு வளைச்சுட்டானோன்னு நினைச்சுப்பேன். இப்ப அடங்கி வீட்லயே கிடக்குறா. போன இடத்துல விரட்டிட்டாங்க போல.”

யாரும் விரட்டவில்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். சொன்னால் முழுக்கதையும் சொல்ல வேண்டும். குழாய், வயிறு, மருத்துவமனை எல்லாம். வாசலில் நின்றபடி அத்தனை பேச அவருக்கு வராது. “நல்ல பூனை. குழாய், ஒயர் எதையும் கடிக்க விடாதீங்க” என்றார்.

“உள்ள வாங்களேன், தண்ணி குடிக்கிறீங்களா? மூச்சு வாங்குது பாருங்க.”

“பரவாயில்லம்மா. இன்னொரு நாளைக்கு.”

பூனை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. தெரிந்ததாகவும் இல்லை, தெரியாததாகவும் இல்லை. கிழிந்த காதை ஒரு தடவை உதறிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையிடம் மருத்துவமனையில் கிடந்ததைச் சொல்லிவிட்டார். அழுதாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று திட்டினாள். எப்படி வந்தது என்று கேட்டாள். பூனையால் என்றார்.

“பூனையா! நீ பூனை வளக்கிறியா?” அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். “பூச்சியைக் கண்டாலே ஓடுவியேண்ணா நீ! என்ன கலரு? மடில எல்லாம் வந்து உக்காருமா? பேர் என்ன வச்சிருக்க?”

அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அன்றைக்கு அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். அப்படிப் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று இருவருக்குமே தெரியவில்லை. வைக்கும்போது தங்கை, “அதை விட்டுடாதண்ணா. கதவைச் சாத்திக்கிட்டு உன் வேலையைப் பாரு, ஆனா அதை விட்டுடாத” என்றாள்.

“விடல” என்றார்.

அடுத்த வாரம் போன் வந்ததும் அவள் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. “பிழை என்ன பண்ணுது?” என்றாள்.

அன்று காலை மாடிப்படி இறங்கும்போது தையல்காரம்மாவின் கதவு திறந்திருந்தது. அவர் கொஞ்சம் மெதுவாக இறங்கியிருந்தார்.

“நூல்கண்டை உருட்டிக்கிட்டே கட்டிலுக்கடியில போயிடுச்சு” என்றார் போனில். “எடுக்கவே விடல. குனிஞ்சா கையைத் தட்டி விடுது.”

“ஐயோ, நூல்கண்டு உனக்கு ஏதுண்ணா?”

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

“சட்டைப் பொத்தான் தைக்க வாங்கினேன்” என்றார்.